எதிர்க்கரைப் புகை

நிலவறைப் படியில் பாதி இறங்கும்போதே ரைலிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றினால் எழுகிற சீறல். சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் உடம்புக்குச் சுகம். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்குள் அது கேட்கக் கூடாது.

விறகுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொக்கியால் இரும்புக் கதவைத் திறந்தாள். தணல் பாதி உயிரோடு இருந்தது. பின்தகட்டிலிருந்து நூல் கனத்துக்குத் தண்ணீர் இறங்கி, தணலைத் தொடும் இடத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தது. ஓரத்துச் சாம்பல் சேறாகக் கட்டியிருந்தது.

"வந்துடுச்சா" என்றாள் பாய்லரைப் பார்த்து.

கோபம் வரவில்லை. பயம்கூட வரவில்லை. கட்டிலில் நாள்பட்டுக் கிடந்தவர் போய்விட்டார் என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இல்லை, அதுவும் சரியில்லை. அப்படிப்பட்ட செய்திக்குக் கொஞ்சமாவது அழுகை வரும். இப்போது முழங்கால்தான் வலித்தது.

மேலே சமையலறை மேஜையில் வில்யோ கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கீழே யாரோட பேச்சு?"

"பாய்லரோட. ஒழுகுது."

"ஒழுகுதா, வேர்க்குதா? ஈர விறகு போட்டா வேர்க்கத்தான் செய்யும்."

"உன் விறகுதானே. நீ வெட்டினது, நீ அடுக்கினது. அதுல ஈரம் இருக்கா?"

வில்யோ வெண்ணெயைத் திரும்பவும் தடவினார். தன் விறகில் ஈரம் என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் வீட்டையே இடித்துவிடுவார். கொட்டகையில் மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான பிர்ச் மர விறகு நின்றது. பட்டை மேல்பக்கம், முனைகள் ஒரே கோட்டில், ஓரத்தில் குறுக்கடுக்கு. விருந்தாளிகள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார். பேத்திகளின் படங்கள் அப்புறம்தான்.

அதை அடுக்கியது வில்யோவின் இருதய ஆபரேஷனுக்கு முன்னால். ஆபரேஷனுக்குப் பிறகு, பால் வாளியைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, நிலவறைப் படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாய்லர் ரைலியின் தலையில். விடியுமுன் ஒரு கூடை, மத்தியானம் ஒரு கூடை, பொழுது சாய்ந்து ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. நடுவில் சாம்பல் வாளி மேலே வரவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாய்களுக்குள் பிரஷ் விட்டுப் புகைக்கரி இழுக்கவேண்டும். அந்தக் கரி காதுக்குள் போய், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கைக்குட்டையில் வந்து நிற்கும்.

அந்த பாய்லருக்கு இரண்டு வாய். ஒன்று விறகுக்கு, ஒன்று எண்ணெய்க்கு. எண்ணெய்ப் பக்கத்தை வில்யோ வீட்டில் இருக்கும்போது எரித்ததே இல்லை. எங்காவது கல்யாணம், சாவு என்று இரண்டு பேரும் வெளியே தங்க வேண்டியிருந்தால் மட்டும் பொத்தானை அழுத்துவார், அதுவும் யாரும் பார்க்காதபோது. விறகு இருக்கும்போது எண்ணெய் எரிப்பவன் சோம்பேறி என்பது ஹாப்பலாக்தி கிராமம் முழுவதற்கும் பொதுவான எண்ணம். பிறகு அந்தப் பக்கத்து பம்பு செத்தது. சாமான் இனிமேல் கிடைக்காது என்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. மகள் மெர்வியின் வீட்டுக்குப் போனாலும் ரைலி பாதிச் சாப்பாட்டில் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"ரிஸ்தோவைக் கூப்பிடு" என்றார் வில்யோ. "வந்து ஒரு ஒட்டுப் போடட்டும்."

*

ரிஸ்தோ குழாய் வேலைக்காரன். ஐம்பது வயது, பெரிய வயிறு, அந்த வயிற்றோடு எப்படி அடுப்பு வாய்க்குள் தலையை விடுகிறான் என்பது எல்லாருக்கும் அதிசயம். நிலவறையில் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தான். காபி ஊற்றும்வரை எதுவும் சொல்லவில்லை. சவோ வட்டாரத்து ஆட்களிடம் கெட்ட செய்தி காபிக்கு முன்னால் வராது.

"ம்" என்றான் இரண்டாவது வாய்க்கு. "ஒரு காலத்துல நல்ல பாய்லர்."

"இப்போ?" என்றாள் ரைலி.

"இப்பவும் கதவு நல்லா இருக்கு."

"ஒட்டுப் போட முடியுமா முடியாதா, அதைச் சொல்லுய்யா" என்றார் வில்யோ.

"போடலாம். போட்டா ஒட்டுக்குப் பக்கத்துல கிழியும். அங்கே போட்டா அதுக்குப் பக்கத்துல. கடைசியில ஒட்டு மட்டும்தான் மிஞ்சும், பாய்லர் இருக்காது."

"அப்போ இதே மாதிரி புதுசு ஒண்ணு இறக்கிடு. விறகுது. எண்ணெய் வேண்டாம்."

ரிஸ்தோ ரைலியைப் பார்த்தான். பிறகு இலவங்க ரொட்டியைப் பார்த்தான். "மண்ணுக்கடியில துளை போட்டு, பூமியிலிருந்து சூட்டை இழுக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு. நம்ம குளிர்சாதனப் பெட்டிதான், தலைகீழா வேலை செய்யுது. ஒரு கட்டை தூக்க வேண்டாம்."

"கொட்டகையில நிக்கிற விறகை என்ன பண்ணச் சொல்றே? மாலை போட்டுக் கும்பிடவா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. இருக்குன்னு சொன்னேன்."

ரைலி காபிக் கெண்டியை அடுப்பின் மேல் வைத்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்துவிட்டாள் போல. இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"நான் சொல்றேன் கேட்டுக்கோ, வில்யோ. விறகு தின்கிற இன்னொரு மிருகம் அந்தப் படியில கீழே இறங்கிச்சுன்னா, அன்னிக்கே நான் மேலே ஏறி வெளியே போயிடுவேன். ஊர் நடுவுல, கடைக்கு மேல ஒரு அறை காலியா இருக்கு. போய்ப் பார்த்துட்டும் வந்துட்டேன்."

"எப்போ பார்த்தே?"

"நீ தூங்கிட்டு இருந்தப்போ. நான் முழிச்சுட்டு இருக்கிறப்போ நடக்கிறது நிறைய இருக்கு, உனக்குத் தெரியாது."

ரிஸ்தோ எழுந்து தொப்பியைத் தேடினான். தொப்பி தலையிலேயே இருந்தது.

*

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு சுருங்கியது. உப்பை எடு, கதவைச் சாத்து, வானிலை என்ன சொன்னான். அறையைப் பற்றி வில்யோ கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உண்மையில் அந்த அறை அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. ஜன்னல் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்திருந்தது. ஆனால் சுவரில் வெப்பக் குழாய் தானாகவே சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரி என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று வெகுநேரம் நின்றிருந்தாள்.

பாய்லர் ஒழுகிக்கொண்டே எரிந்தது. குழாயில் தண்ணீர் குறையக் குறைய ரைலி மேலே ஊற்றினாள். குளிர் வேறு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எதிரே வளைகுடா ஓரத்து நாணல்களில் காலையில் கண்ணாடி மாதிரிப் பனித்தகடு. விடியுமுன் கூடையோடு கொட்டகைக்குப் போகும்போது, தண்ணீருக்கு அப்பால் ஹெய்மோவின் கூரைமேல் புகை எழுந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பாள். பார்த்தோம் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

ஹெய்மோ மனைவியை இழந்தவர். எதிர்க்கரையில் ஒண்டியாக இருந்தார். தண்ணீர் உறையுமுன் கடைசி வலையில் விழுந்த பொடிமீனோடு ஒருநாள் படகில் வந்தார். வாளியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மூன்றுமுறை சொன்னால்தான் உட்காருவார்.

"பூமிச் சூடு வாங்கப் போறீங்களாமே. ரிஸ்தோ கடையில சொன்னான்."

"வாங்கப் போறது யாருன்னு எனக்கே தெரியாது" என்றார் வில்யோ.

"கரண்ட் போச்சுன்னா?"

"உன் வீட்டுல வந்து உட்கார்ந்துக்குவோம்" என்றாள் ரைலி மீனை அலசிக்கொண்டே. "உனக்கும் வீடு கூட்டறதுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்."

"கூட்டித்தான் வெச்சிருக்கேன்."

"எந்த வருஷம்?"

ஹெய்மோவின் மூக்குக்கடியில் சிரிப்பு மாதிரி ஒன்று அசைந்தது. வில்யோவும் சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு மேஜையில் மூன்று பேர் சிரிப்பு. பிறகு ரைலி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கையைத் துடைத்தாள், படி இறங்கினாள். மேலே இரண்டு ஆண்களும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவு, கட்டை, கட்டை, கட்டை, இரும்புக் கதவு. பிறகு படியில் ஏறும் கால். ஒரு படிக்கு இரண்டு கால்.

அந்த வாரம் பொடிமீனைக் கறுப்பு மாவுக்குள் பன்றிக் கொழுப்போடு பொதிந்து, அடுப்பின் பின்சூட்டில் பொழுதுக்கும் வைத்தாள். வெந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த ஆண்டு இதை எங்கே சுடுவேன் என்று யோசித்தாள். கடைக்கு மேல் உள்ள அறையில் அடுப்பு இல்லை.

*

ரைலி கடைக்குப் போய் வந்த ஒரு மத்தியானம், சமையலறையில் வில்யோ இல்லை. அவருடைய காது கேட்கும் இயந்திரம் மேஜைமேல் இருந்தது. நிலவறைக் கதவு திறந்திருந்தது.

கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலைந்து கட்டைகளைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"செத்துப்போறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு!" அவள் கத்தியது அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து நாக்கின் கீழ் வைத்தாள். நாடியைப் பிடித்துக்கொண்டாள். அது குதித்தது, தடுக்கியது, மெதுவாக ஒழுங்குக்கு வந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். உதட்டில் நிறம் திரும்பும்வரை பார்த்திருந்தாள். வரவில்லையென்றால் கூப்பிட்டிருப்பாள்.

"உனக்கு ஒரு கூடையாவது மிச்சம் பண்ணலாம்னு பார்த்தேன்" என்றார் கடைசியில்.

அவள் நாடியை விடாமல் பிடித்திருந்தாள்.

"கூடையில பாதிகூட இல்லை, ரைலி. பாதிகூட இல்லை. அதுக்கே இப்படி." மடியில் இருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்தார். தன் கையால் பிளந்தது. "நான் அடுக்கறதைப் பத்தியேதான் நினைச்சுட்டு இருந்திருக்கேன். தூக்கறதைப் பத்தி நினைக்கலை."

பாய்லர் சீறியது. அவருக்குக் கேட்கவில்லை.

"அந்த அறை எப்படி இருந்தது?"

ரைலி அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "நல்லாவே இல்லை."

"ம்" என்றார். மடியிலிருந்த கட்டைகளைப் படியில் வைத்துவிட்டு, "ரிஸ்தோவைக் கூப்பிடு. பெட்டியையே போடட்டும்" என்றார். "ஆனா அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே."

*

துளை போடும் வண்டி வந்து முற்றத்தைச் சாம்பல் நிறச் சேறாக்கியது. பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கின. வில்யோ காது இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலில் உட்கார்ந்து, பாறை பொடியாகி வெளியே வருவதைப் பார்த்தார். ரிஸ்தோ பழைய பாய்லரை அறுத்துத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

"கதவை வேணும்னா வெச்சுக்கோங்க" என்றான். "சிலபேர் சுவத்துல மாட்டிக்கிறாங்க."

"யார் சுவத்துல?" என்றாள் ரைலி.

ரிஸ்தோ கதவையும் லாரியில் எறிந்தான்.

விறகு என்ன ஆவது என்பதற்கு வில்யோவே வழி சொன்னார். சவுனாவுக்கும் ரொட்டி அடுப்புக்கும் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதி ஹெய்மோவுக்கு. வளைகுடாவில் பனி கெட்டியானதும் அதன் மேலேயே இழுத்துப் போய்விடலாம். "அவன் அடுக்கறதைத்தான் பார்க்கச் சகிக்காது" என்றார். "நாய்க்கூண்டு மாதிரி அடுக்குவான்."

புதுப் பெட்டி வெள்ளையாக, நிலவறை மூலையில் நின்று மெல்ல முனகியது. அன்று படுக்கப் போகுமுன் ரைலி பழக்கத்தில் கூடையைத் தேடினாள். பிறகு சும்மா கீழே இறங்கி, பெட்டியின் முன்னால் நின்றாள். அது அவளிடம் எதையும் கேட்கவில்லை. பழைய பாய்லர் கசிந்த சூட்டில் நிலவறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கொடியில் காலுறைகள் ஒரு இரவில் காயும். இன்று அவை ஈரமாகவே தொங்கின. தொங்கட்டும் என்று மேலே வந்தாள்.

படுத்தாள். தூக்கம் என்று சொல்வதைவிட, யாரோ கிணற்று மூடியை மூடினது போல இருந்தது.

*

கண்ணாடி உடைந்த சத்தத்தில்தான் விழித்தாள். ஜன்னலில் நல்ல வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து குளிர்காலத்தில் இந்த வெளிச்சத்தைப் படுக்கையிலிருந்து பார்த்ததில்லை. பக்கத்தில் வில்யோ எதுவும் காதில் விழாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இரவு உடையோடு நடைக்கு ஓடினாள். முன்கதவின் சிறிய கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் துழாவிக்கொண்டிருந்தது. கையுறையை அவளுக்குத் தெரியும். கட்டைவிரலில் நீல நூல் தையல்.

"ஹெய்மோ!"

கை நின்றது. மெதுவாக வெளியே போனது. ரைலி கதவைத் திறந்தாள்.

ஹெய்மோ பனிக்கட்டி குத்தும் இரும்புக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு பூட்ஸ் முழங்கால்வரை நனைந்து அதற்குள் உறைந்துவிட்டிருந்தது. முகம் அடுப்புச் சாம்பல். அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கியா" என்றார்.

"தூங்கிட்டு இருந்தேன்!"

"இவ்வளவு நேரமா?"

"இவ்வளவு நேரமும்தான்! என்னய்யா ஆச்சு உனக்கு? கதவை ஏன் உடைச்சே?"

"துடைப்பம் கதவுல சாத்தலை" என்றார் ஹெய்மோ. வெளியே போயிருந்தால் துடைப்பத்தைக் கதவில் சாத்திவிட்டுத்தான் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். "அப்போ ஆள் உள்ளே. புகையைப் பார்த்தேன். புகை இல்லை. தட்டினேன், பதில் இல்லை. அப்புறம் ஒரு மனுஷன் என்னன்னு நினைப்பான்?"

"பாய்லரை எடுத்தாச்சுன்னு உனக்குத் தெரியாதா? நீதானே முதல்ல வந்து கேட்டே?"

"தெரியும்." அவர் குரல் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம். "தலைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியலையே."

ரைலி அவரை இழுத்து உள்ளே உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றினாள். கால் மெழுகாக வெளுத்திருந்தது. துணியைச் சுற்றித் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நனைந்த பூட்ஸ் என்ன சொல்கிறது என்று புரிந்தது.

"பனி மேலேயா வந்தே? ஆளைத் தாங்காதே அது இன்னும்! சாலையில சுத்தி வந்திருக்கக் கூடாதா?"

"சுத்தி வர நேரம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வில்யோ அரைத்தூக்கத்தில் வந்து நின்றார். காது இயந்திரத்தைத் திருகிக்கொண்டே உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மனைவியின் மடியைப் பார்த்தார்.

"நான் தூங்கும்போது இந்த வீட்டுல நிறையத்தான் நடக்குது" என்றார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டேன்" என்றார் ஹெய்மோ.

"யாருக்கு?"

"உங்க ரெண்டு பேருக்கும்."

வில்யோவே தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், ஒருத்தருக்குத்தான் கால் நனைந்திருக்கிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு அதை இரண்டுமுறை விளக்க வேண்டியிருந்தது. உடைந்த இடத்தில் அட்டையை வைத்து அடைத்தார்கள். காபி குடித்தார்கள். ஹெய்மோ கிளம்பும்போது, சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்று ரைலி வாசல்வரை வந்து நின்று பார்த்தாள். படியில் அவர் திரும்பினார்.

"அப்போ இனிமே எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கேள்வியை அவர் யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. கூரையைப் பார்த்துக் கேட்டார். உனக்காக நான் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்க முடியாது என்று ரைலிக்கு நாக்குவரை வந்தது. அந்தக் காலைக் கையில் பிடித்திருந்தவள் அதைச் சொல்ல முடியாது.

*

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்துவிட்டது. வெளியே யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கீழே பெட்டி முனகிக்கொண்டிருந்தது. படுத்திரு, என்று உடம்புக்குச் சொன்னாள். உடம்பும் சம்மதித்தது. முழங்கால், தோள், மணிக்கட்டு, எல்லாமே சம்மதித்தன.

இத்தனை வருஷமாக அந்தக் கரையிலிருந்து ஒருத்தர் பார்த்திருக்கிறார். சரி. இந்தக் கரையிலிருந்து?

கொட்டகைக்குப் போன ஒவ்வொரு காலையும் தண்ணீருக்கு அப்பால் தலை நிமிர்ந்தது நினைவுக்கு வந்தது. புகை இருந்தது, தாழ்ப்பாளைத் திறந்தாள். புகை இருந்தது, தாழ்ப்பாளைத் திறந்தாள். இனிமேல் இந்த வீட்டில் அந்த நேரத்துக்கு வெளியே போக யாருக்கும் வேலையில்லை. நேற்று நனைந்த கால் அது. காய்ச்சல் வந்திருக்கலாம். காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவார்? கூப்பிட மாட்டார். கதவோரம் நிற்பார்.

"சனியன்" என்றாள் இருட்டில். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எழுந்தாள். வில்யோவின் பூட்ஸுக்குள் வெறுங்காலை விட்டு, இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நிலவு இருந்தது. பனி கால்கீழ் கிறீச்சிட்டது. கொட்டகைப் பக்கம் நடந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, எதிர்க்கரையைப் பார்த்தாள்.

கூரை தெரிந்தது. புகைபோக்கி தெரிந்தது. அதன்மேல் நட்சத்திரம் மட்டும் இருந்தது.

நின்றாள். மூக்குத் துவாரம் ஒட்டிக்கொண்டது. கொட்டகைச் சுவரில் இரும்புக்கோல் சாய்ந்திருந்தது. ஹெய்மோ மறந்துவிட்டுப் போனது. அதைப் பார்த்தாள். வளைகுடாப் பனியைப் பார்த்தாள். நேற்று அவர் கால் இறங்கிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. சாலை வழியாகப் போனால் எவ்வளவு நேரம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. கை கோலைத் தொட்டுவிட்டது.

புகைபோக்கியின் வாயில் ஏதோ கலங்கியது. முதலில் கண் ஏமாற்றுகிறது என்றுதான் நினைத்தாள். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு திரி எழுந்து, தடித்து, காற்றில்லாத வானத்தில் நேராக நின்றது.

"நீயும் லேட்டாத்தான் எழுந்திரிக்கிறே" என்றாள்.

திரும்பி வரும்போது, எதிர்க்கரைக்குத் தெரிகிற வாசல் விளக்கைப் போட்டாள். இந்த வீட்டில் ஆள் வெளியே இல்லாதபோது அந்த விளக்கு எரிந்ததே இல்லை. அணைக்கக் கையெடுத்தாள். அணைக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

படுக்கையில் அவளுடைய குளிர்ந்த பாதம் பட்டு வில்யோ அசைந்தார். காது இயந்திரம் மேஜைமேல் இருந்தது.

"அங்கே புகையுதா?" என்றார் கண் திறக்காமலே.

ரைலி இருட்டில் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையைத் தேடிப் பிடித்து, ஆமாம் என்று ஒருமுறை அழுத்தினாள்.

"சரி" என்றார் வில்யோ. போர்வையில் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.